கிப்ளிங்கின் மகன்: பதினெட்டு வயதில் முடிந்த ஒரு வாழ்க்கை

'ஜங்கிள் புக்' எழுதிய ரட்யார்ட் கிப்ளிங்குக்கு ஒரே ஒரு மகன். பெயர் ஜான். முதல் உலகப்போரில், 1915 செப்டம்பர் 27 அன்று, பிரான்சின் லோஸ் போர்க்களத்தில் காணாமல்போனான். வயது பதினெட்டு முடிந்து ஆறு வாரம். டேவிட் ஹேக் எழுதிய 'மை பாய் ஜாக்' நாடகம் 1997இல் மேடையேறி, பத்தாண்டு கழித்துத் தொலைக்காட்சிப் படமாகவும் வந்த பிறகு, உலகுக்கு இந்தக் கதை ஒரே வரியில் பழகிவிட்டது: பார்வைக் குறையுள்ள பையனைப் போர்வெறி பிடித்த அப்பா சிபாரிசு பிடித்துப் படையில் சேர்த்தார், பையன் செத்தான்.

இதைப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் இந்தக் கதையில் ஜானுக்கு வாய் இல்லை, விருப்பம் இல்லை. அப்பாவின் குற்றவுணர்வுக்குச் சாட்சியாக மட்டுமே வந்துபோகிறான். அந்த நாடகத்துக்குப் பெயர் தந்த கவிதையும் நேரடியாக அவனைப் பற்றியது அன்று. 1916இல் ஜட்லாண்டு கடற்போரைப் பற்றிய கட்டுரைகளோடு சேர்த்துக் கிப்ளிங் வெளியிட்டது அது. ஜாக் என்பது ஆங்கிலேயர் தம் மாலுமிகளுக்கெல்லாம் வைத்த பொதுப்பெயர். மகனை இழந்து ஓராண்டு ஆகியிருந்த ஒருவர் எழுதியதில் மகனின் நினைவு இல்லாமல் இருக்காது, உண்மைதான். என்றாலும் ஜானைத் தேடுகிறவர் அந்தக் கவிதையை விட்டு அவன் குடும்பத்திலிருந்து தொடங்குவது நல்லது.

அந்தக் குடும்பத்தின் ஒரு வேர் இந்தியாவில் இருக்கிறது. ஜானின் தாத்தா ஜான் லாக்வுட் கிப்ளிங் 1865இல் பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளிக்குச் சிற்ப ஆசிரியராக வந்தவர். பின்னர் லாகூர் கலைப்பள்ளியின் முதல்வராகவும் அங்குள்ள அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராகவும் இருந்தார். 'கிம்' நாவலின் தொடக்கத்தில் திபெத்திய லாமாவை அன்போடு வரவேற்கும் அருங்காட்சியகப் பெரியவர் இவரேதான். பாட்டி ஆலிஸ், மெதடிஸ்ட் போதகர் ஒருவரின் மகள். அவருடைய தங்கைகளில் ஒருவரை ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸும் இன்னொருவரை ஓவியர் எட்வர்ட் பாய்ன்டரும் மணந்தார்கள். மற்றொரு தங்கையின் மகன் ஸ்டான்லி பால்ட்வின் பிற்காலத்தில் பிரிட்டனின் பிரதமரானார். பரம்பரைச் சொத்து என்று பெரிதாக இல்லை. கலை, எழுத்து, உறவு ஆகியவற்றால் மேலே ஏறிய குடும்பம். இதில் சிப்பாய் எவரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ரட்யார்ட் பிறந்தது பம்பாயில், 1865 டிசம்பர் 30 அன்று. ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் வழக்கப்படி, ஐந்து வயதில் தங்கையோடு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, சவுத்ஸீ என்ற ஊரில் முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் பராமரிப்பில் விடப்பட்டார். அந்த வீட்டில் அவர் பட்ட கொடுமைகளைப் பின்னாளில் கதையாகவும் தன்வரலாறாகவும் எழுதினார். பார்வை மிகவும் குறைந்துவருவது அங்கேதான், தாமதமாக, தெரியவந்தது. அடுத்துப் படித்த யுனைடெட் சர்வீசஸ் கல்லூரி, ராணுவ அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. சக மாணவர்கள் பலர் படைக்குப் போனார்கள். தடித்த கண்ணாடிக்காகவே பட்டப்பெயர் வாங்கிய கிப்ளிங், 1882இல், பதினாறு வயதில், லாகூருக்குப் பத்திரிகை வேலைக்குப் போனார். தாம் சேர முடியாத படையைப் பற்றியே கதையும் பாட்டுமாக எழுதிப் புகழ்பெற்றார். மகனுக்கு அவர் கொடுத்த சொத்துகளில் கண்ணும் ஒன்று, ஆசையும் ஒன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று பகை.

தாய் கேரி பாலஸ்டியர் அமெரிக்கப் பெண். 1892 ஜனவரியில் லண்டனில் நடந்த திருமணத்தில் மணப்பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுத்தவர் நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வீடு கட்டிக்கொண்டு, அதற்கு 'நவ்லகா' என்று இந்தியப் பெயர் வைத்தார்கள். ஜோசபின், எல்சி என்ற இரண்டு பெண்களும் பிறந்தது அந்த மாநிலத்தில்தான். கேரியின் தம்பியோடு ஏற்பட்ட தகராறு நீதிமன்றம் வரை போய் ஊர் சிரித்தபின், 1896இல் இங்கிலாந்துக்குத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று, சசெக்ஸ் கடற்கரையில் உள்ள ராட்டிங்டீன் கிராமத்தில் ஜான் பிறந்தான்.

அவனுக்கு ஒன்றரை வயதானபோது குடும்பத்தில் இடி விழுந்தது. 1899இன் தொடக்கத்தில் எல்லோரும் கப்பலேறி நியூயார்க் போனார்கள். தந்தைக்கும் மூத்த மகள் ஜோசபினுக்கும் நிமோனியா கண்டது. தந்தை பிழைத்தார். மார்ச் 6 அன்று ஜோசபின் இறந்தாள், ஆறு வயதில். நோய்ப்படுக்கையில் கிடந்த கணவரிடம் கேரி அதை உடனே சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மிஞ்சிய இரண்டு பிள்ளைகளும் கண்ணுக்குள் வைத்து வளர்க்கப்பட்டவர்கள். 1902இல் சசெக்ஸின் பர்வாஷ் ஊரில் 'பேட்மென்ஸ்' என்ற பழைய கல்வீட்டை வாங்கிக் குடியேறினார்கள். விடுதிப் பள்ளியில் இருந்த ஜானுக்குத் தந்தை எழுதிய கடிதங்களைப் பிற்காலத்தில் தொகுத்து வெளியிட்டிருக்கிறார்கள். கேலி, கோட்டுச் சித்திரம், எழுத்துப்பிழைக்குக் கண்டிப்பு, நடுநடுவே தோழமை என்று இருக்கும் அவற்றைப் படிப்பவர்களுக்கு, ஏகாதிபத்தியப் பாணன் என்று நாம் பாடப்புத்தகத்தில் அறிந்த மனிதரை அடையாளமே தெரியாது.

ஜான் எப்படிப்பட்டவன்? படிப்பில் சூரன் இல்லை. அப்பாவின் இலக்கியத் திறமை அவனிடம் இல்லை. அதற்காக அவன் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. மோட்டார் வண்டிகளின் மேல் மோகம் கொண்ட, வாயாடியான, கலகலப்பான பையன். 1911இல் அவனைச் சேர்த்த வெல்லிங்டன் கல்லூரி, வெல்லிங்டன் பிரபுவின் நினைவாக, இறந்த ராணுவ அதிகாரிகளின் பிள்ளைகளுக்கென்று நிறுவப்பட்டது. சீருடையும் அணிவகுப்பும் அங்கே பாடத்தோடு பாடம். அவனைக் கடற்படைக்கு அனுப்பும் எண்ணம் வீட்டில் இருந்தது. பார்வை இடம் தரவில்லை. கண்ணாடியைக் கழற்றினால் சற்றுத் தொலைவில் இருப்பதும் மங்கல்.

1914 ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் போரில் இறங்கியது. ஜானுக்குப் பதினேழு நிறைய இரண்டு வாரம்கூட இல்லை. அதிகாரிப் பதவிக்கு விண்ணப்பித்தான். கண் பரிசோதனையில் தள்ளப்பட்டான். சாதாரணச் சிப்பாயாகவாவது சேர்ந்துவிடுகிறேன் என்று நின்றான். இந்த இடத்தில்தான் தந்தை தலையிட்டார். பழைய நண்பரான ஃபீல்டு மார்ஷல் ராபர்ட்ஸ் பிரபு அப்போது ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவின் கௌரவத் தலைவர். கிப்ளிங் கேட்டார், ராபர்ட்ஸ் தந்தார். செப்டம்பரில் ஜான் எசெக்ஸில் உள்ள வார்லி முகாமில் செகண்ட் லெப்டினென்டாகப் போய்ச் சேர்ந்தான்.

ராபர்ட்ஸின் சொந்தக் கதையும் இங்கே சொல்லத்தக்கது. அவருடைய மகன் 1899இல் தென்னாப்பிரிக்காவின் கொலென்ஸோ சண்டையில் இறந்து, விக்டோரியா சிலுவை பெற்றவன். ராபர்ட்ஸும் ஜானுக்கு இடம் வாங்கித் தந்த சில வாரங்களில், பிரான்சில் இந்தியப் படைகளைப் பார்வையிடப் போன இடத்தில் நிமோனியாவால் இறந்தார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு கிழவர், பறிகொடுக்கப்போகும் இன்னொருவருக்குச் செய்த உபகாரம் இது. ஆனால் அன்று இவர்களில் யாரும் அதை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த வட்டாரத்தில் பிள்ளையைப் படைக்கு அனுப்பாமல் இருப்பதுதான் விளக்கம் சொல்ல வேண்டிய விஷயம்.

இன்னொரு முரணும் உண்டு. அயர்லாந்துக்குத் தன்னாட்சி தருவதைக் கடுமையாக எதிர்த்தவர் கிப்ளிங். 1914 மே மாதம்கூட அதற்கு எதிராக மேடையேறி அனல்பறக்கப் பேசினார். சில மாதங்களில் அவர் மகன் ஐரிஷ் கத்தோலிக்கர் நிறைந்த படைப்பிரிவில் அதிகாரி. போருக்குப் பின் கிப்ளிங்குக்கு மிகவும் நெருக்கமானவர்களில் அந்தப் பிரிவின் சிப்பாய்களும் இருந்தார்கள்.

ஓராண்டுப் பயிற்சி முடிந்தது. பதினெட்டு நிறையாதவனைக் கடல்கடந்து அனுப்பப் பெற்றோரின் சம்மதம் தேவைப்பட்டது, கொடுத்தார்கள். தந்தை ஊர் ஊராக ஆள்சேர்ப்புக் கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அவர் மட்டுமே காரணம் என்பவர்கள் கேரி தம் தாய்க்கு எழுதிய கடிதத்தைப் பார்க்க வேண்டும். நண்பர்கள், அண்டைவீட்டார் பிள்ளைகள் நமக்காகச் சாக, நம் பிள்ளை மட்டும் தப்பட்டும் என்று இருக்க முடியாது என்பது அதன் சாரம். வெறும் பேச்சாக அவர் அதை எழுதவில்லை. பக்கத்தூர்த் தோழி வயலட் சிசிலின் மகன் ஜார்ஜ், போர் மூண்ட நான்காவது வாரமே, 1914 செப்டம்பர் 1 அன்று, பதினெட்டு வயதில் பிரான்சில் காணாமல்போயிருந்தான். காயமுற்ற சிப்பாய்களைத் தேடிப்போய் விசாரித்து அந்தத் தாய்க்கு உதவியவர்கள் கிப்ளிங் தம்பதி. கடைசியில் பிணக்குழியைத் தோண்டித்தான் அவனை அடையாளம் கண்டார்கள். என்ன நடக்கக்கூடும் என்பது தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டார்கள்.

ஜான் பிரான்சில் இறங்கியது தன் பதினெட்டாம் பிறந்தநாளை ஒட்டி. அங்கிருந்து அவன் எழுதிய கடிதங்கள் வீட்டுக்கு எழுதும் எந்த விடுதி மாணவனின் கடிதமும்போலத்தான் இருக்கின்றன. மழை, சேறு, அது அனுப்புங்கள், இது அனுப்புங்கள். செப்டம்பரில் எழுதிய ஒன்றில் அடையாள வில்லை கேட்கிறான். தன்னிடம் இருந்ததைத் தொலைத்துவிட்டானாம். கயிறு கோத்த அலுமினிய வில்லை போதும் என்று படம் வரைந்து, பெயர், மதம், படைப்பிரிவு, செகண்ட் லெப்டினென்ட் என்ற பதவி ஆகியவற்றை எப்படிப் பொறிக்க வேண்டும் என்றும் எழுதிக்காட்டியிருக்கிறான். செப்டம்பர் 25 தேதியிட்ட கடைசிக் கடிதம், பெரிய தாக்குதலுக்குப் போகிறோம், சில நாள் கடிதம் வராது என்ற அளவில் முடிகிறது.

லோஸ் நிலக்கரிச் சுரங்கப் பகுதி. பிரிட்டிஷ் படை முதன்முதலாக விஷவாயுவைப் பயன்படுத்தியது அங்கேதான், செப்டம்பர் 25 காலையில். காற்று திசைமாறிச் சில இடங்களில் வாயு சொந்தப் படையின் மேலேயே திரும்பியது. முதல்நாள் பிடித்த இடங்கள் மறுநாள் கைவிட்டுப் போயின. அவற்றை மீட்க, 27ஆம் தேதி மாலை கார்ட்ஸ் டிவிஷனை ஏவினார்கள். ஜானின் பட்டாலியனுக்கு இட்ட வேலை சுண்ணாம்புக் குழி ஒன்றையும் அதை ஒட்டிய சிறுகாட்டையும் பிடிப்பது. பிடித்தார்கள். அதற்கு அப்பால் ஒரு சுரங்க வாய்க் கட்டடத்தை நோக்கி ஸ்காட்ஸ் கார்ட்ஸ் முன்னேறியபோது, ஐரிஷ் படையின் ஒரு பகுதியும் சேர்ந்து ஓடியது. அதில் ஜானும் இருந்தான். எதிரே இயந்திரத் துப்பாக்கிகள். பிறகு அவனை யாரும் நிச்சயமாகப் பார்க்கவில்லை. அவன் கண்ட முதல் சண்டை அதுதான்.

அக்டோபர் 2 அன்று பேட்மென்ஸுக்குத் தந்தி வந்தது: காயம்பட்டுக் காணவில்லை. 'காணவில்லை' என்ற சொல்லில் தொங்கிக்கொண்டு அந்தக் குடும்பம் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தது. மருத்துவமனை மருத்துவமனையாகப் போய் ஐரிஷ் கார்ட்ஸ் சிப்பாய்களை விசாரித்தார்கள். நடுநிலை நாடுகளின் வழியாக ஜெர்மன் சிறைமுகாம்களில் கேட்டுப்பார்த்தார்கள். ஜெர்மன் மொழியில் துண்டறிக்கை அச்சிட்டு விமானத்திலிருந்து எதிரியின் எல்லைக்குள் போடச் செய்தார்கள். லோஸ் நினைவுச்சுவரில் மட்டும் கல்லறை இல்லாதவர்கள் 20,000க்கும் மேல். அவர்களில் எத்தனை பேர் வீட்டாரால் விமானம் ஏற்பாடு செய்ய முடிந்திருக்கும்?

அத்தனை செல்வாக்கும் ஒரு தகவலை மட்டும் கொண்டுவரவில்லை. நண்பரும் நாவலாசிரியருமான ரைடர் ஹேகர்ட் தாமாக விசாரித்ததில், ஒரு சிப்பாய், வாய் சிதைந்து வலியில் அழுதபடி வந்த இளம் அதிகாரியைப் பார்த்ததாகவும் அது கிப்ளிங்தான் என்றும் சொன்னான். ஹேகர்ட் அதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார், நண்பரிடம் சொல்லவில்லை. அது ஜான்தானா என்பதை உறுதிசெய்ய வழியில்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்தது சரி என்பதே என் எண்ணம்.

1917இல் கிப்ளிங் இரண்டு பொறுப்புகளை ஏற்றார். ஒன்று, ஐரிஷ் கார்ட்ஸின் போர் வரலாற்றை எழுதுவது. ஐந்தாண்டுக்கும் மேல் நாட்குறிப்புகளையும் சிப்பாய்களின் வாய்மொழியையும் கோத்து 1923இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். மகன் இருந்த பட்டாலியனுக்கே ஒரு முழுத் தொகுதி. அதில் மகனுக்குக் கிடைத்த இடம், மற்ற அதிகாரிகளின் இழப்போடு சேர்த்துச் சொல்லிப்போகும் வாக்கியத்தில் ஒரு துண்டு. எழுதியவர் தந்தை என்பது அங்கே தெரியாது. கிப்ளிங்கின் உரைநடையில் மிக உயர்ந்த இடம் எது என்று கேட்டால் அந்தத் துண்டைத்தான் காட்டுவேன்.

மற்றொன்று, பேரரசுப் போர்க் கல்லறை ஆணையத்தில் உறுப்பினர் பொறுப்பு. பெயர் தெரியாத வீரனின் கல்லில், இவன் யாரென்று கடவுள் அறிவார் என்ற பொருளில் பொறித்த வாசகம் அவர் தந்தது. அதிகாரி, சிப்பாய், பணக்காரன், ஏழை என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கல் என்பது ஆணையத்தின் கொள்கை. ஐரோப்பாவில் அது பெருமளவு காப்பாற்றப்பட்டது. 1927இல் பிரான்சின் நவ் ஷபேலில் திறக்கப்பட்ட இந்திய நினைவிடத்தில் 4,700க்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லிப் பொறித்திருக்கிறார்கள். மத்திய கிழக்கிலும் ஆப்பிரிக்காவிலும் நடந்தது வேறு. பஸ்ரா நினைவிடத்தில் பிரிட்டிஷ் வீரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்குப் படைப்பிரிவின் பெயரின்கீழ் எண்ணிக்கை மட்டும். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் பெயரளவில்கூட நினைவுகூரப்படாமல் விடப்பட்டிருக்கலாம் என்று அந்த ஆணையத்தின் வாரிசான காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. கிப்ளிங்கின் துக்கத்தை மதிக்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஜானின் கல்லறைக்கு வருவோம். 1919இல் போர்க்களத்தைத் துப்புரவு செய்தபோது ஐரிஷ் கார்ட்ஸ் லெப்டினென்ட் ஒருவரின் உடல் கிடைத்து, பெயரில்லாமல் புதைக்கப்பட்டது. கண்டெடுத்த இடத்தின் குறி 'ஜி 25' என்று தொடங்கியது. அக்காலப் போர் வரைபடத்தில் ஆங்கில எழுத்திட்ட பெருஞ்சதுரம், அதற்குள் எண்ணிட்ட ஆயிரம் கெஜச் சதுரம், அதற்குள் நான்கு கூறு என்று குறி குறுகிக்கொண்டே போகும். 'ஜி 25' பிரிட்டிஷ் வசம் இருந்த பகுதி. ஐரிஷ் கார்ட்ஸ் சண்டையிட்ட இடம் அன்று. 1992இல் ஆணையத்தின் ஆவண அலுவலர் நார்ம் கிறிஸ்டி, எழுதியவர் 'எச்' என்பதற்குப் பதில் 'ஜி' என்று எழுதிவிட்டார் என்று கண்டார். ஒரு பெருஞ்சதுரம் தள்ளினால் ஆறாயிரம் கெஜம், ஏறத்தாழ ஐந்தரை கிலோமீட்டர். 'எச் 25' ஜானைக் கடைசியாகப் பார்த்த இடத்தோடு ஒட்டிவருகிறது. ஆணையம் கல்லை மாற்றி அவன் பெயரைப் பொறித்தது.

1998இல் டோனி, வால்மாய் ஹோல்ட் என்ற ஆய்வாளர் தம்பதி இதை மறுத்து நூல் எழுதினார்கள். அவர்களுடைய வலுவான வாதம் பதவியைப் பற்றியது. புதைக்கப்பட்டவர் லெப்டினென்ட், ஜானோ செகண்ட் லெப்டினென்ட். தொலைந்த வில்லைக்காக அவன் எழுதிய கடிதமே அதற்குச் சான்று. லெப்டினென்ட் பதவி உயர்வு ஜூன் மாதத்திலிருந்து என்று முன்தேதியிட்டு அரசிதழில் வந்தது நவம்பரில், அவன் போன பிறகு. தெரியாத பதவிக்கு யாராவது நட்சத்திரம் குத்திக்கொள்வார்களா என்று கேட்டார்கள். 2016இல் கிரஹாம் பார்க்கர், ஜோன்னா லெக் இருவரும் ஆவணங்களை மீண்டும் அலசி, ஆணையம் சொன்னதே சரி என்று வாதிட்டார்கள். எழுத்துப் பிழை நடந்தது என்பதை நான் ஏற்கிறேன். அவ்வளவு தொலைவு பின்னால், பிரிட்டிஷ் எல்லைக்குள், அந்தப் படைப்பிரிவின் அதிகாரி உடல் பெயரில்லாமல் கிடக்கக் காரணமே இல்லை. பதவிக் கேள்விக்கு அந்த அளவு திடமான விடை இல்லை. மொத்தத்தில் தராசு ஜானின் பக்கம் சாய்கிறது, உறுதி என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

எலும்பைச் சோதித்துப் பார்த்துவிடலாமே என்று இன்று யாருக்கும் தோன்றும். அடையாளம் காண்பதற்காக மட்டும் கல்லறையைத் தோண்ட ஆணையம் அனுமதிப்பதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நேரடி வாரிசும் இல்லை. தந்தை 1936 ஜனவரியிலும் தாய் 1939 டிசம்பரிலும் இறந்தார்கள். அக்கா எல்சி ஐரிஷ் கார்ட்ஸ் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் பாம்பிரிட்ஜை 1924இல் மணந்தார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. 1976இல் எல்சி இறந்ததோடு ரட்யார்ட் கிப்ளிங்கின் நேர் வம்சம் முடிந்துவிட்டது.